கடல் மணல் வரும் வண்டி

அம்மா வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைத் தட்டினால், அன்றைக்கு அவள் எந்த வண்டியைக் கூட்டினாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். வேர்க்கடலைத் தோல் விழுந்தால் வடக்கே போய் வந்த வண்டி. பழுப்பு மணல் உதிர்ந்தால் கன்னியாகுமரி வண்டி.

பெங்களூர் தொம்மலூரில் பழைய ஊருக்குள், நான்கு பக்கமும் ஆபீஸ் கட்டடங்கள் எழும்பிய பிறகும் மிச்சமிருக்கிற ஒரு சந்தில் எங்கள் வீடு. அம்மா விடியற்காலையில் மெஜஸ்டிக் ரயில் நிலையத்துக்குப் பஸ் பிடித்துப் போவாள். வந்து சேர்ந்த ரயில்களை யார்டில் நிறுத்தி, மறுபடி கிளம்புவதற்குள் கழுவிக் கூட்டித் துடைத்து வைக்கிற வேலை. காண்டிராக்டில். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. ஆனால் அவள் கூட்டிய எந்த ரயிலும் அவளை ஏற்றிக்கொண்டு எங்கேயும் போனதில்லை. யார்டுக்குள் வந்து நிற்கும், சுத்தமாகிக் கிளம்பிவிடும்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் அவள் சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கன்னியாகுமரியில் விற்பார்களே, கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று நிறம் நிறமாக மணல் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் பை. ஒரு ஓரம் கிழிந்திருந்தது. அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், நாங்கள் லீவுக்குக் கன்னியாகுமரி போய் வந்தோம் என்று சொன்னேன். கடல் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பெரிசாக இருந்தது என்றேன். எல்லாரும் நம்பினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அங்கே போய் நான் நன்றாகக் கற்றுக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

பட்டம் வாங்கினேன். எங்கள் சந்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், சின்ன வயதில் நான் வெளியே நின்று அண்ணாந்து பார்த்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள் கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு சந்து வழியாக வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆபீஸில் யாராவது, "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "ரயில்வேல இருக்காங்க" என்பேன். பொய் என்று சொல்ல முடியாது. ரயில்வேக்குள்தான் இருந்தாள். கேட்டவர்கள் மீதியை அவர்களாகவே நிரப்பிக்கொண்டார்கள்: நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன். நான் அதைத் திருத்தியதில்லை.

எங்கள் சந்தின் கோடியில் ஒரு ஒற்றை அறை உண்டு. டியூஷன் ரூம் என்போம். வீட்டில் புத்தகம் விரிக்க இடமில்லாத பிள்ளைகள் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து படிப்பார்கள். பத்தாவது வரை நான் படித்ததும் அங்கேதான். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடம் பிடிக்க அட்வான்ஸ் வேண்டும். பெங்களூரில் அட்வான்ஸ் என்றால் என்னவென்று இங்கே வாடகைக்கு இருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டுகிற ஐந்து பேர் நாங்கள். அந்த அறைக்காக ஒரு நீண்ட பயணம் போய்ப் பணம் திரட்டலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக் கன்னியாகுமரி வரை போவது, அங்கிருந்து ஓட்டிக்கொண்டே பெங்களூருக்குத் திரும்புவது. நன்கொடை கொடுப்பவர்கள் பார்க்க இணையத்தில் ஒரு பக்கம் போட்டோம். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதியது: 'ரயில்வே ஊழியரின் மகள். குடும்பத்தின் முதல் பட்டதாரி.'

ஐந்து டிக்கெட் எடுக்க உட்கார்ந்தவள் ஆறு எடுத்தேன். ஆறாவது அம்மாவுக்கு. எங்களோடு ரயிலில் வந்து கடலைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதே வண்டியில் அவள் திரும்பிவிடலாம். உண்மையைச் சொன்னால், டியூஷன் ரூமுக்கு எப்படியாவது பணம் சேர்ந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. நான் ஏங்கியது இதற்குத்தான். அம்மா ஒரு தடவை அந்த வண்டியில் டிக்கெட்டோடு உட்கார வேண்டும். உட்கார்ந்தபடியே கடல் வரை போக வேண்டும்.

"அந்த மண்ணத்தான் வருசக் கணக்கா கூட்டிக்கினு இருக்கேன். அது வூட்டுக்கே போயி வேற பாக்கணுமா?" என்றாள்.

"அப்ப கேன்சல் பண்ணிடவா?"

"நான் எப்ப வேணாம்னேன்? சன்னல் சீட்டா, இல்லியா? அத்த சொல்லு மொதல்ல."

சன்னல் சீட்டுதான் என்றேன். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் சிவாஜி நகர் போய்ப் புதுச் செருப்பு வாங்கிவந்து, போடாமல் அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் தோழி வீட்டுக்கு வந்தாள். மைசூர்க்காரி. எங்கள் ஐந்து பேரில் எனக்கு ரொம்ப நெருக்கம். வீட்டில் கன்னடம், என்னோடு பழகிப் பழகிப் பாதித் தமிழ். எல்லாருக்கும் தைத்த பனியன்களைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவளை அம்மா உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

"ஆன்ட்டி, ரயில்வேல நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பனியன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தே பனியன்கள்தான்.

"வண்டி டிபார்ட்மெண்ட்டுமா" என்றாள் அம்மா.

"அப்ப உங்களுக்கு ஃப்ரீ பாஸ் இருக்குமே! இவ எதுக்கு உங்களுக்குக் காசு குடுத்து டிக்கெட் எடுத்தா?"

"பாஸெல்லாம் இந்த வருசம் முடிஞ்சிப்போச்சு. நீ காபி குடி, ஆறிடப் போவுது."

அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். ரயில்வே ஊழியர்களுக்கு பாஸ் உண்டு என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. என் பொய்யில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, "லீவு குடுக்கலடி" என்றாள். "சூப்பர்வைசர் முடியாதுன்ட்டான். ஆள் பத்தலயாம். நீ போய்ட்டு வா. எங்கயும் சுத்திக்கினு நிக்காத, சீதா வூட்டுக்கு வா."

நான் அவனைத் திட்டினேன். நானே வந்து பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று சாயங்காலம் சைக்கிள்களைச் சாக்கில் சுற்றிப் பார்சல் ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு எங்கள் பெட்டியில் ஏறினோம். என் தோழி முதலில் உள்ளே போனவள், "இங்க பாரு, இங்க பாரு" என்றாள். பெட்டி முழுக்கச் சன்னல் கண்ணாடிகளில் மழைத் தண்ணீர் காய்ந்த கறை. எங்கள் சீட்டுகள் இருந்த இடத்தில் மட்டும் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. பேப்பரை நனைத்து, பிறகு காய்ந்த பேப்பரால் ஒரு தடவை, அம்மா வீட்டு முகக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்திருந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டு மணல் இல்லை.

"எந்தப் புண்ணியவானோ" என்றாள் தோழி.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் இன்னமும் என் கண் முன்னால் நிற்கிறது. அது எங்கம்மா துடைச்சது என்று மூன்று வார்த்தை. நான் பையை மேலே வைத்தேன்.

டிக்கெட் பரிசோதகர் வந்து காலியாக இருந்த சன்னல் சீட்டைக் காட்டி, "இவங்க?" என்றார். "வரல" என்றேன். அவர் சீட்டு உறுதியாகாத ஒரு அம்மாளைக் கூட்டிவந்து அதில் உட்காரவைத்தார். அந்த அம்மாள் பையிலிருந்து முறுக்கை எடுத்து எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார். நல்ல மனுஷி. ஆனாலும் அவர் சன்னல் வழியாக வெளியே பார்த்த ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் வண்டி கேரளத்துக்குள் போய்க்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். தென்னந்தோப்பையும் ஆறுகளையும் சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் கேட்டது, "பாத்ரூம் சுத்தமா இருக்குதா? தண்ணி வருதா?"

"வருதும்மா."

"சன்னலு?"

"ரொம்ப நல்லா தெரியுதும்மா."

"உம்" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

கடலைப் பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் நான் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. பெரிசாக இருந்தது. மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் முழங்கால் தண்ணீரில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். போனை அலைக்குப் பக்கத்தில் நீட்டி, "கேக்குதா?" என்று கத்தினேன்.

"இன்னாடி, இங்க ஹாரன் அடிக்கறானுங்க, ஒண்ணும் கேக்கல."

இன்னொரு அலை வரட்டும் என்று காத்திருந்து மறுபடி நீட்டினேன். கார்ப்பரேஷன் சர்க்கிள் சிக்னலின் இரைச்சல்தான் என் பக்கம் கேட்டது. என் கடல் அவள் பக்கம் போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலை ஓட்ட ஆரம்பித்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் எதற்காக நட்டிருக்கிறார்கள் என்பது சைக்கிளில் போனால்தான் முழுசாகப் புரியும். காற்று நெஞ்சில் கைவைத்து எங்களைப் பின்னால் தள்ளியது. ஒரு பிரிவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "அண்ணா, சீதா போனா திருநெல்வேலி ரோடு வருமா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "சீதா போனா போகட்டும்மா. நீ எங்க போகணும்?"

எனக்குப் புரியவில்லை. "நாங்கதான் போறோம். சீதா போகணுமா, திரும்பணுமா?"

"அந்தப் பிள்ளை கோவிச்சுட்டுப் போயிருச்சா? இந்தப் பக்கமா யாரும் வரலியே."

நேராக என்பதற்கு நாங்கள் பெங்களூரில் உருதுக்காரர்களிடமிருந்து வாங்கிய வார்த்தை அது. அதைத் தமிழ் என்றே நினைத்து இத்தனை வருடம் பேசியிருக்கிறேன். தோழி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பின்னால் வந்தவர்கள் விபத்து என்று நினைத்து ஓடிவந்தார்கள். திருநெல்வேலியில் அவளுக்கும் நடந்தது. கடையில் டீயைக் குடித்துவிட்டு, "சூப்பரா இருக்கு, அல்வா?" என்று என்னைக் கேட்டாள். கன்னடத்தில் 'இல்லையா' என்று அர்த்தம். கடைக்காரர் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வாவை வைத்து நீட்டினார். "எந்த ஊரும்மா நீங்க?" என்று அவர் கேட்டபோது இருவரும் ஒரே குரலில் பெங்களூரு என்றோம். "தமிழ் நல்லாப் பேசுதியளே" என்று என்னைப் பாராட்டினார். வீட்டில் தமிழ்தான் என்று சொல்ல வந்து, அவர் கொடுத்த அல்வாவின் மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

மதுரை, திண்டுக்கல், கரூர். பகலெல்லாம் மிதிப்பது, சாயங்காலம் யாராவது ஏற்பாடு செய்த பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ படுப்பது. உடம்பு களைக்கக் களைக்க மனசு ஒரே இடத்துக்குப் போயிற்று. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் தண்டவாளம் வந்தால் போதும், ரயில் தெரிகிறதா என்று பார்ப்பேன். கரூர் தாண்டி ஒரு பாலத்தில் ஒரு வண்டி எங்களைக் கடந்து போனது. சன்னல் ஓரத்தில் ஒரு பெண் தாடையில் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி போனாள். அம்மாவின் வயது. அந்தக் கை எனக்கு மூன்று நாள் வரை மறக்கவில்லை. அம்மா அப்படிக் கையைத் தாடையில் வைத்துச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

சேலம் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. லாரிகள் முனகிக்கொண்டு ஏறின. சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓரக் கல்லில் உட்கார்ந்தேன். தோழியும் வந்து உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தாள். அங்கேதான் சொன்னேன். ஏன் அங்கே என்று தெரியவில்லை.

"அந்தச் சன்னல அம்மாதான் துடைச்சாங்க."

"எந்தச் சன்னல்?"

"ரயில்ல. எங்கம்மாவுக்கு அதான் வேலை. வண்டி கூட்டற வேலை. காண்டிராக்ட்."

அவள் பாட்டிலை மூடினாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"நான் அன்னிக்கு பாஸ் பத்திக் கேட்டேன் அல்வா? அதனாலதான் அவங்க வரலையா?"

"இல்ல, லீவு குடுக்கல."

"நிஜமா?"

லாரி ஒன்று போய், இன்னொன்று வந்து, அதுவும் போனது. ஐந்து பேரோடு ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள், மகள் சொல்லிவைத்தது பொய்யாகிவிடும் என்று கணக்குப் போட்டு, வாங்கிய செருப்பைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஒருத்தி ஒதுங்கியிருக்கிறாள். எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரியாத மாதிரி வைத்திருந்தேன்.

"கண்டவங்க கிட்டல்லாம் தைரியமா டொனேஷன் கேட்ட. எங்கிட்ட இத சொல்ல முடியலையா உனக்கு?" என்று சொல்லிவிட்டுத் தோழி சைக்கிளை எடுத்தாள். ஏற்றம் முடிகிறவரை எனக்கு முன்னாலேயே மிதித்தாள். உச்சியில் எனக்காகக் காத்திருந்தாள்.

அன்று தர்மபுரியில் உட்கார்ந்து இணையப் பக்கத்தில் என் வரியை அழித்துவிட்டு எழுதினேன்: 'நாங்கள் கன்னியாகுமரிக்குப் போன ரயிலைச் சுத்தம் செய்தவரின் மகள். குடும்பத்தின் முதல் பட்டதாரி.' இரண்டாவது வாக்கியத்தை மாற்றவில்லை. முதல் வாக்கியம்தான் அதைச் சாத்தியமாக்கியது என்பது எழுதிய பிறகு தெரிந்தது.

கடைசி நாள் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் காற்றின் வாசனை மாறிவிட்டது. புகையும் தூசியும்தான், ஆனால் எங்கள் புகை. பொம்மசந்திராவில் ஷிப்ட் முடிந்த கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. எங்கள் பனியனைப் பார்த்துச் சிலர் விசில் அடித்தார்கள். டியூஷன் ரூம் வாசலில் மாலையோடு காத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நான் மற்றவர்களிடம், நீங்கள் போங்கள், எனக்கு முதலில் வேறு இடம் போக வேண்டும் என்றேன். தோழி என் பின்னாலேயே வந்தாள். எங்கேயும் சுற்றாமல் சீதா மெஜஸ்டிக் போனோம்.

யார்டுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். கேட்டில் நின்று போன் செய்தேன். அம்மா ஆரஞ்சு நிறக் கோட்டும் ரப்பர் கையுறையுமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். தோழியைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள்.

"அம்மா, இவளுக்குத் தெரியும். நான் சொல்லிட்டேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாடி இது, அடுப்புல சுட்ட கத்திரிக்கா மாதிரி வந்து நிக்கற?"

"ஆன்ட்டி, அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள் தோழி.

"நீ இன்னாத்த கேட்டுட்ட? இருந்தா பாஸ் குடுத்திருப்பானுங்க. இல்ல, குடுக்கல. அவ்ளோதான்."

முகம் துடைக்கப் பையிலிருந்து துண்டை உருவினேன். கடற்கரையில் நனைந்து சுருட்டிவைத்த துண்டு. உதறியதும் சிமெண்ட் தரையில் பழுப்பு மணல் கொட்டியது.

"ஏய், ஏய், இங்க கொட்டாத! நாந்தான் கூட்டணும்" என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்தோம். நான் சிரித்து முடித்த பிறகும் என் முகம் ஈரமாக இருந்தது. அவள் அந்தத் துண்டைப் பிடுங்கி, மணலோடு, என் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"மறுபடி டிக்கெட் எடுக்கட்டுமா? நாம ரெண்டு பேரு மட்டும்."

உள்ளே ஏதோ ஒரு வண்டி பின்னால் தள்ளப்பட்டு வரும் சத்தம் கேட்டது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினாள்.

"சரி. இந்த வாட்டி லீவு கேக்கறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்த வாட்டி. தோழி குனிந்து, நன்றாக இருந்த சைக்கிள் செயினை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டியூஷன் ரூம் இப்போது இரண்டு தெரு தள்ளி, மாடியில், பெரிய சன்னல்களோடு இருக்கிறது. எங்கள் டிக்கெட்டை எடுத்துவிட்டேன். லீவும் கேட்டாகிவிட்டது. கொடுத்துவிட்டார்களாம். அந்த நாள் வருவதற்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன. அம்மாவின் கவலை வேறு. தான் ஏறுகிற அன்று அந்தப் பெட்டியை வேறு யாராவது கூட்டுவார்கள், மூலையெல்லாம் விட்டுவிடுவார்கள் என்கிறாள்.

நேற்று வாசலில் செருப்பைத் தட்டினாள். மணல். உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அங்க அவ்ளோ மண்ணும் யாருடி கூட்டுவாங்க?"

"யாரும் கூட்ட மாட்டாங்கம்மா."

"யாருமா?"

"யாரும்."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்புப் பெட்டியை இழுத்தாள். திறந்து பார்த்தாள். மறுபடி மூடி உள்ளே தள்ளினாள்.